எனக்கென்று வெட்டிய குழி

போன வருடம் முதுகுவலிக்காகக் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் என்னை நீளமான குழாய் ஒன்றுக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். தள்ளுவதற்கு முன்னால் தாதி என் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, பயம் வந்தால் இதை அமுக்குங்கள், வெளியே எடுத்துவிடுகிறோம் என்றார். நான் அந்த இடத்திலேயே அமுக்கினேன். இன்னும் உள்ளே போகவே இல்லையே என்றார். பந்து வேலை செய்கிறதா என்று பார்த்தேன் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பந்து எத்தனை தடவை வேலை செய்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கொஞ்சம் மரியாதை மிஞ்சட்டும்.

லிஃப்டிலும் ஏற மாட்டேன். எத்தனை மாடி என்றாலும் படிதான். கேட்பவர்களிடம் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மைக் காரணம் வேறு. சின்ன வயதில் உயிரோடு புதைபட இருந்து தப்பியவன் நான். என் வீட்டில் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. குழி வெட்டியவர்களே ஒப்புக்கொள்ளாதபோது மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளான ஒரு லயத்தின் கடைசிக் காம்பராவில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் சாக்குத் திரையைக் கட்டிக்கொண்டு மாமா. அம்மாவின் தம்பியான அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவார். மாலையில் கதை விடுவார். இரண்டிலும் கை வேகம், கணக்கு வழக்குக் கிடையாது.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர் விட்ட ஒரு கதைதான். எங்கள் முன்னோர்கள் இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மலைக்கு நடந்து வந்த காலத்தில், வாந்திபேதி கண்டு விழுந்தவர்களுக்காகக் கூட்டம் நிற்காதாம். நின்றால் நிற்கிறவர்களும் விழ வேண்டியதுதான். ஆகவே அவசரமாக ஒரு குழி, ஆளை இறக்கி மண்ணைத் தள்ளிவிட்டு, கூட்டத்தை அழைத்து வந்த கங்காணி முன்னே நடப்பாராம். இறக்கப்பட்டவர் முழுதாகச் செத்திருந்தாரா என்று பார்க்க யாருக்கும் அவகாசமில்லை. இவ்வளவும் நடந்திருக்கக்கூடியதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மாமா அதோடு விடவில்லை. மூடிய மண்ணுக்குள்ளிருந்து முனகல் கேட்டதாம். திரும்பிப் பார்த்தால் ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம்.

“அந்தக் கை என்னா கேட்டுச்சு தெரியுமா மருமவனே? வெத்தலைக்குச் சுண்ணாம்பு இருக்கான்னு கேட்டுச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது சுண்ணாம்பை அல்ல. உடம்புக்கு முடியாமல் விழுந்தவனுக்காகக் காத்திருப்பது எங்கள் வம்சத்துக்கு வழக்கமில்லை என்பதை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே எனக்கு அம்மை போட்டது.

அம்மை போட்ட வீட்டின் நடைமுறை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை மேல் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்பதுதான் எங்கள் ஆட்களின் எண்ணம். அதனால் அந்தப் பிள்ளையைத் திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. வீட்டில் தாளிப்பு நின்றுவிடும். எங்கள் குளிருக்கு வேம்பு வளராதாகையால், மாத்தளைப் பக்கமிருந்து யாரோ பஸ்ஸில் கொண்டு வந்த வாடிய கொப்பு வாசலில் தொங்கும். வேற்றாள் உள்ளே வர மாட்டார். இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்லப்படவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், பிறந்ததிலிருந்து என்னை மாட்டை விரட்டுகிற குரலில் மட்டுமே கூப்பிட்டு வந்த அப்பா, திடீரென்று பாய்க்குப் பக்கத்தில் குந்தி, “தண்ணி வேணுமா சாமி?” என்று கேட்டதுதான்.

என் முடிவு நெருங்கிவிட்டது என்று அப்போதே புரிந்துகொண்டேன்.

அந்தச் சந்தேகத்தோடு படுத்திருந்த ஒரு பிற்பகலில் லயத்துக்குப் பின்னால் அலவாங்குக் கம்பி கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது. பின்சுவரில் ஒரு பலகை ஜன்னல் உண்டு. எழுந்து அதன் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வேலை முடித்து வந்த அப்பாவும் மாமாவும் சரிவில் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மரக்கறி நடுவதற்கான வெட்டல்ல அது. ஒரே இடத்தில், நீள்சதுரமாக, கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு குழியை அதற்கு முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். நடு லயத்துத் தாத்தா செத்தபோது, தேயிலை மலைக்கு அந்தப் பக்கம், தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவில்.

அக்காவிடம் கேட்டேன். என்னை விட நாலைந்து வயது மூத்தவள். எதையும் மறைக்கத் தெரியாதவள். எதுக்கு அந்தக் குழி என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, ஒண்ணுமில்ல, நீ படு என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். பாவம், தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்டேன். அது பெரியவங்க காரியம் என்றாள். பெரியவர்களின் காரியம்தான், படுக்கப் போகிறவன் சின்னவன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் எனக்கு நியாய புத்தி உண்டு. ஒரு குழியை வைத்து மட்டும் பெற்ற தகப்பன் மீது பழி சொல்லிவிட முடியாது. மறுநாள் அப்பா உடம்பெல்லாம் மண்ணோடு வாசலில் வந்து நின்று, பாயில் கிடந்த என்னைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பின்பக்கம் திரும்பிச் சொன்னார்:

“இவன் ஒசரத்துக்கு வந்துருச்சு மாப்ள. இன்னும் கொஞ்சம் எறக்கணும்.”

“இதுவே காணும் மச்சான், போதும். உள்ள போனது எந்திரிச்சா வரப்போகுது?”

“மெதுவாப் பேசுங்க” என்றாள் அம்மா. “புள்ள காதுல விழப்போகுது.”

இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

உயிரோடு இருக்கிறேன் என்பதை அவர்களுக்கு நிரூபிப்பது என்று தீர்மானித்தேன். முதலில் உப்பில்லாத கஞ்சியை இரண்டு கோப்பை குடித்தேன். அம்மாவின் கண் கலங்கியது. நடு லயத்துத் தாத்தாவும் சாவதற்கு முதல் நாள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டதாகப் பேசிக்கொண்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்றாவது கோப்பையைத் தள்ளிவிட்டேன். அடுத்து, குரலில் தெம்பு இருப்பதைக் காட்ட, பாயில் எழுந்து உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டை உச்சக் குரலில் சொல்லத் தொடங்கினேன். விளைவு நான் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஆத்தா பேசுகிறாள் என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த காம்பரா சின்னம்மா ஓடி வந்து வாசற்படிக்கு வெளியே நின்று, கொழும்புக் கடையில் வேலைக்குப் போன தன் மகன் எப்போது வருவான் என்று என்னிடம் பயபக்தியோடு கேட்டாள். ஏழேழு நாப்பத்தொம்போது என்றேன், அந்த இடத்தில்தான் நின்றிருந்தேன். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனாள்.

பேச்சால் ஆகாது, செயலில் இறங்க வேண்டும் என்று தெரிந்தது. குழி இல்லாவிட்டால் எங்கே புதைப்பார்கள்? மூடிவிட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வாய்ப்புக் கிடைத்தது. அப்பா சாமான் வாங்க லிந்துலைக்குப் போயிருந்தார். அம்மா கோயிலுக்கு. அக்கா துணி அலச, தண்ணீர் விழும் பீலிக்குப் போயிருந்தாள். மாமாவைக் காணவில்லை, பின்பக்கம் சத்தமும் இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கொப்புளங்கள் உரச உரச வெளியே வந்தேன். முதல் நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. வெட்டிய மண்ணை மாமா குழிக்கு மேல்பக்கத்தில் குவித்திருந்தார். சரிவில் மேல்பக்கம் மண் போடாதே என்று அப்பா தினமும் கத்திக்கொண்டிருந்தது எனக்கே கேட்டிருந்தது. கீழ்ப்பக்கம் வீசுவதென்றால் கொஞ்சம் எட்டி வீச வேண்டும், மாமாவுக்கு அந்தக் கொஞ்சம் எப்போதும் அதிகம்.

அவருடைய சோம்பல் அன்றைக்கு எனக்கு உதவியது. குழிக்குள் எட்டிப் பார்க்கத் தைரியமில்லை, எனக்கென்று வெட்டியதை நானே பார்ப்பானேன். குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து லயத்தின் பின்சுவரில் முதுகைக் கொடுத்து இரண்டு காலாலும் தள்ளினேன். ஒரு கட்டி உருண்டது. இன்னொரு தரம் தள்ளினேன். பாதிக் குவியல் அப்படியே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கூடவே குழியின் மேல் விளிம்பும் பெயர்ந்து விழுந்தது. இவ்வளவு லேசான காரியத்துக்கா இத்தனை நாள் அழுதோம் என்று தோன்றியது.

அப்போது உள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது.

அடுத்து நடந்ததை நான் பெருமையாகச் சொல்ல முடியாது. மெல்ல எட்டிப் பார்த்தேன். சிவந்த மண்ணுக்கு மேலே ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் அசைந்தன. மன்னார்ப் பாதையில் புதைத்துவிட்டு வந்தவர் எங்களைத் தேடி லிந்துலை வரைக்கும் வந்துவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சுண்ணாம்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று கத்தினேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. ஆனாலும் அந்தக் கத்தல் பீலி வரைக்கும் கேட்டிருக்கிறது.

அக்கா ஓடி வந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். அலசிய துணியைப் போட்டுவிட்டுக் குழிக்குள் குதித்தாள். மண்வெட்டியைத் தொடவில்லை, ஆள் மேல் பட்டுவிடும் என்று. வெறுங்கையால் நாய் பறிப்பது போல மண்ணைப் பறித்து வாரினாள். முதலில் தலைமயிர் தெரிந்தது, பிறகு நெற்றி, மூக்கு. விரலை விட்டு வாயிலிருந்து மண்ணை வழித்தெடுத்தாள். அந்த வாய் இழுத்த மூச்சின் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். அது மாமா. வேலையை நிறுத்திவிட்டு, குளிர்காற்றுப் படாத இடமென்று குழிக்குள்ளேயே தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார். என் வாழ்நாளில் உயிரோடு புதைக்கப்பட்ட ஒரே மனிதர் அவர்தான், புதைத்தது நான்.

சின்னம்மாவும் வேறு இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் தூக்கி இஸ்தோப்பில் உட்கார வைத்தார்கள். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவர் அன்றைக்குப் பீடி ஒன்றைத்தான் கேட்டார். பீடியை வாயில் வைத்தார். சின்னம்மாதான் பற்ற வைத்துக் கொடுத்தாள்.

அப்பா வந்து, விஷயம் கேட்டு, என்னை நோக்கிக் கையை ஓங்கினார். அம்மா குறுக்கே விழுந்து, ஆத்தா இருக்கிற உடம்பு என்றாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்று, கொஞ்சம் யோசித்துக் கீழே இறங்கியது. என் பிள்ளைப் பருவத்தில் வரவேண்டியிருந்து வராமல் போன ஒரே அடி அது. ஏன்டா இப்படிச் செஞ்ச என்று மட்டும் கேட்டார்.

“என்னைய உசுரோட பொதைக்க வேணாம்ப்பா” என்றேன். “நான் நல்லா இருக்கேன். ஏழாம் வாய்ப்பாடெல்லாம் தெரியுது.”

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பதா, ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் முகம் இரண்டு பக்கமும் இழுபட்டது.

“அடேய், அது கக்கூசுடா.”

“கக்கூசுக்கு எதுக்குப்பா குழி?”

என் கேள்வியில் தப்பில்லை. எங்கள் லயத்தில் இருந்த பொதுக் கக்கூஸ் நான் பிறப்பதற்கு முன்பே இடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்து பிள்ளைகளுக்கு லயத்தோரச் சாக்கடைக் கான், பெரியவர்களுக்குத் தேயிலைச் செடி மறைவு. அவ்வளவுதான். பிறகு விளக்கினார்கள். ஏதோ ஒரு திட்டமாம். காம்பராக்காரர் தாங்களே குழி வெட்டி வைத்தால் குழிமேல் போடும் சீமெந்துத் தட்டும் தகரமும் இலவசமாம். ஆள் வந்து குழியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதிக்கொண்டு போவார்களாம். அவர்கள் வருவது மறுநாள் காலை. அதனால்தான் அம்மை போட்ட வீடென்றும் பாராமல் அந்த அவசரம். ஆத்தா இருக்கிற காதில் கக்கூஸ் பேச்சு விழக் கூடாதென்றுதான் யாரும் என்னிடம் சொல்லவில்லையாம்.

எனக்குப் பெரிய நிம்மதி. நான் சாகப் போவதில்லை, மாமாவும் சாகவில்லை. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அக்கா மட்டும் குழியோரத்தில், கையெல்லாம் மண்ணும் நகக்கண்ணில் ரத்தமுமாக நின்றுகொண்டிருந்தாள். மாமாவை இழுத்தெடுக்கும்போது அழாதவள் அப்போது அழுதாள். குழி பாதிக்கு மேல் மூடியிருந்தது.

“இனி முடியாதாப்பா?” என்று கேட்டாள்.

ஒரு குழிக்காக யாராவது அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியம். அப்பா வானத்தைப் பார்த்தார். மேற்கே மேகம் திரண்டிருந்தது. அதற்குள் இஸ்தோப்பில் மாமா எழுந்தார். பீடியைச் சுவரில் நசுக்கிவிட்டு வந்து மண்வெட்டியை எடுத்தார். குழியின் விளிம்பில் நின்றார். ஒரு தடவை உள்ளே பார்த்தார். பிறகு இறங்கினார்.

“மச்சான், இந்தத் தடவை மண்ணக் கீழ்ப்பக்கமே வீசுறேன். மருமவன மட்டும் யாராச்சும் புடிச்சுக் கட்டிப் போடுங்க.”

இருட்டும் வரை வெட்டினார்கள். சின்னம்மாவின் வீட்டுக்காரரும் வந்து இறங்கினார். பெண்கள் வரிசையாக நின்று தாச்சிச் சட்டியில் மண் வாங்கிக் கீழே கொட்டினார்கள். அக்கா ஒரு தாச்சியைக் கூட வேறு கைக்கு விடவில்லை. எனக்குக் காவலாக வேப்பங்கொப்போடு அம்மா.

மறுநாள் ஆட்கள் வந்தார்கள், குழிக்குள் கம்பை விட்டுப் பார்த்தார்கள், திருப்தியோடு தலையாட்டினார்கள். சில வாரங்களில் தட்டு வந்தது, தகரம் வந்தது. எனக்குப் பொருக்கு காய்ந்து உதிரும் நேரத்தில் கக்கூசும் முடிந்திருந்தது. நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம், ஒரு கதவு, உள்பக்கம் போட மாமா செய்து கொடுத்த மரக்கொண்டி. அப்பா கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். யார் முதலில் போவது என்று மாமா ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போனாள். கொண்டி விழும் சத்தம் கேட்டது.

பெரியவர்கள் மரியாதையாகக் கலைந்து போனார்கள். எனக்கு அந்த மரியாதை தெரியாது. நான் கதவுக்கு முன்னால் நின்றேன். ரொம்ப நேரம் ஆகியது. தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டு நின்றுவிட்டது. அவள் வரவில்லை. அத்தனை சின்ன இடம், நாலு பக்கமும் மூடி, காலுக்குக் கீழே அந்தக் குழி. நினைக்கும்போதே எனக்கு மூச்சு முட்டியது. கதவைத் தட்டினேன்.

“அக்கா, உள்ள என்னா பண்ற?”

“ஒண்ணும் பண்ணல.”

“அப்புறம் ஏன் வெளிய வரல? கொண்டி மாட்டிக்கிச்சா?”

“இல்லடா. சும்மா நிக்கிறேன்.”

அவள் ஆளாகி அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. நாலு பேர் உருண்டு படுக்கும் ஒற்றைக் காம்பராவில் உடுப்பு மாற்றுவதற்கும் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். விடிவதற்கு முன்பு அம்மா போத்தல் விளக்கோடு அவளைத் தேயிலைக்குள் கூட்டிக்கொண்டு போவாள், சுற்றுமுற்றும் பார்த்தபடி கூட்டிக்கொண்டு வருவாள். அதைத் தவற விட்டால் இரவு வரை பொறுத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுகமாக வெளியே நிற்கக்கூடிய ஒருத்தி தானாகவே போய் மூடிக்கொண்டு, வெளியே வர மனமில்லாமல் உள்ளே நிற்கிறாள். பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்தேன். மூச்சு நின்றால் உடனே இழுத்தெடுக்க வேண்டுமே என்று, தகரக் கதவில் காதை வைத்துக்கொண்டு காவல் நின்றேன். உள்ளே அவள் மெதுவாக, மிகவும் மெதுவாக, மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.